சர்க்கரை போட்ட டீ

பழனாத்தாளுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. ஆனாலும் மண்ணரையில் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் இரண்டு வருடமாக அவளுக்கு இனிப்பில்லாத டீதான். தைத்த பனியனில் ஓட்டை, கறை பார்க்கிற செக்கிங் மேசைக்கு டீ இரண்டு பாத்திரத்தில் வரும். எல்லோருக்கும் ஒரு பெரிய கேன். பழனாத்தாளுக்கும் செல்லத்தாய்க்கும் மட்டும் சர்க்கரை போடாமல் ஒரு சின்னத் தூக்குப்போசி. செல்லத்தாய்க்கு இருந்தது நிஜச் சர்க்கரை. பழனாத்தாளுக்கு இருந்தது வாயில் வந்த பொய்.

தொண்ணூற்றெட்டாம் வருடத்தில், அறுபத்தொரு வயதில், எய்ட்ஸ் கிருமி என்று யாரிடம் போய்ச் சொல்வது? புருஷன் விட்டுப்போன ஒரே சொத்து அதுதான். அவன் கட்டிய தாலிக்கொடியை விற்றுத்தான் மாத்திரை வாங்கினாள். செத்தாலும் அவனைச் சும்மா விடவில்லை.

பதினொரு மணி டீயோடு ஒரு வேளை மாத்திரை. "சர்க்கரைக்குங்க" என்று சொல்லி விழுங்குவாள். மகளுக்குக்கூடத் தெரியாது.

"எம் மாத்திரை சின்னதா வெள்ளையா இருக்கு. ஒங்களது என்னக்கா நீலக்கோடு போட்டிருக்கு?" என்று செல்லத்தாய் ஒருநாள் வெள்ளந்தியாகக் கேட்டாள். அதோடு பழனாத்தாளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுநாளிலிருந்து அந்த வேளையை விட்டுவிட்டாள்; மாத்திரை சுருக்குப்பையிலேயே கிடந்தது. வேளை தவறினால் மருந்து பலிக்காமல் போய்விடும் என்று கோயமுத்தூர் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பேத்தி சடங்குவரை பார்த்தாயிற்று, இனி பேர் கெடாமல் போய்ச் சேர்ந்தால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கேடுகெட்ட சமாதானம். பத்து நாள் அதிலேயே ஓடிற்று.

பதினோராம் நாள் டீ நேரத்தில் செல்லத்தாய்க்குத் தலை சுற்றியது. அவள் மாத்திரை தீர்ந்து மூன்று நாளாகியிருந்தது. அந்த மேசையில் ஊக்கு, வெற்றிலை, தலைவலி மாத்திரை எல்லாம் பொது. யார் பையில் யார் கைவிட்டாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். பழனாத்தாள் கை கழுவிவிட்டு வருவதற்குள் அவளுடைய சுருக்குப்பை திறந்து கிடந்தது.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிட்டேன்க்கா. நாளைக்கு வாங்கித் தாரேன்," என்றாள் செல்லத்தாய். மாத்திரை உதட்டருகே போயிருந்தது.

ஒன்றுதானே, ஆளைக் கொன்றுவிடாது என்று பழனாத்தாள் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"திங்காதே! அது சர்க்கரைக்கு இல்லே. எய்ட்ஸுக்குத் திங்கற மாத்திரை. எனக்கு எய்ட்ஸ் கிருமி இருக்குது."

பக்கத்தில் இருந்தவள் ஸ்டூலோடு நகர்ந்துகொண்டாள். சூப்பர்வைசர் அழகுமலை ஓடிவந்தான். தினமும் ஒட்டிநின்று பேசுகிறவன் இப்போது மூன்றடி தள்ளி நின்றான்.

"ஏனுங்காத்தா, நாளையிலிருந்து வர வேண்டாமுங்க. பீஸெல்லாம் நீங்க தொட்டது..."

தொட்டதாம்! பழனாத்தாளுக்கு இரண்டு வருடத்துக் கோபமும் தலைக்கேறியது. டேமேஜ் பீஸில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருளை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"பதினாலு வருசமா இந்த மேசையில நிக்கறன். ஒரு ஓட்டை, ஒரு கறை தப்ப உட்டிருக்கறனா? இன்னைக்கு நீ செக்கிங் பண்ணு கண்ணு. எம்மேல கறை எங்க இருக்குதுன்னு பாத்து ஒட்டு. தொட்டாப் பரவாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கறாரு. பரவறதுன்னா முதல்ல எங்கூட ஒரே போசியில டீ குடிச்ச செல்லத்தாய்க்கல்லோ வந்திருக்கோணும்?"

அழகுமலை சுருளைப் பிரிக்கவுமில்லை, கீழே வைக்கவுமில்லை.

பழனாத்தாள் பையிலிருந்து வேறொரு மாத்திரையை எடுத்தாள். எல்லோரும் பார்க்க உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பெரிய கேனை நோக்கி நடந்தாள். நின்றவர்கள் விலகினார்கள். விலகட்டும். டம்ளர் நிறையப் பிடித்துக்கொண்டு, தூக்குப்போசியைச் செல்லத்தாய் பக்கம் தள்ளினாள்.

"இனி இது உனக்கு மட்டுந்தான். சாயங்காலம் மருந்துக் கடைக்கு நானும் வர்றன்."

செல்லத்தாய் அழுதுகொண்டே தலையாட்டினாள்.

பழனாத்தாள் மாத்திரையை வாயில் போட்டு டீயை ஒரு மடக்குக் குடித்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு நாக்கில் இனிப்புப் பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்கு எட்டரைக்கு வந்துருவன் கண்ணு," என்றாள் அழகுமலையிடம். "பதினொரு மணிக்கு எனக்குஞ் சேத்துச் சர்க்கரை டீ சொல்லிரு."