இடது பக்கம் கொஞ்சம் குறைவு

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்கு முன் எழுதிப் பார்த்த மூன்று தொடக்கங்களிலும் அதைச் சொல்லாமல் நழுவத்தான் பார்த்தேன்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது: "பர்னி துறைமுகத்தில் மலைபோல் குவிந்த மரச் சில்லுகளின் மேல் தெற்குக் காற்று—" அழகான வாக்கியமாக வந்திருக்கும். ஆனால் தப்பு செய்தவள் வீட்டுக்கு வந்தவரிடம் மழை வருமா என்று பேச்சை மாற்றுவதுபோல இருந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாவதில் அந்தப் பொய்யை என்னோடு அங்கே இருந்த டாரில் சொன்னதாக எழுதினேன். டாரில் குக்சன் எதைச் சொன்னாலும் ஊர் மன்னித்துவிடும். கதைக்கும் அது வசதிதான். இரண்டு பக்கம் எழுதிய பிறகு, என்னுடைய வாயிலிருந்து வந்த சொல்லை அந்த மனிதரின் வாயில் வைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

மூன்றாவதில் நான் இல்லவே இல்லை. "அந்த அறையில் இரண்டு பேர் இருந்தார்கள்" என்று தொடங்கியது. மூன்று பேர் இருந்தோம்.

2

லாயிட் பென்ஹாலிகன் ஒரு நுகர்வோர் பத்திரிகையில் 'நூறு டாலருக்குள்' என்ற பக்கத்தை எழுதிவந்தார். நூறு டாலருக்குக் குறைந்த ஹெட்போன்களைக் கேட்டும் அணிந்தும் பார்த்து, ஒலிக்குப் பத்துக்கு இவ்வளவு, சுகத்துக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடும் வேலை. அதற்கு முன் முப்பது வருடம் வானொலியில் ஒலிப்பதிவாளர். விலை உயர்ந்ததைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"முந்நூறு குடுத்து வாங்குறவனுக்கு நான் எதுக்கு, செண்? பிடிக்கலன்னா இன்னொண்ணு வாங்கிப்பான். பஸ்ஸுல வேலைக்குப் போற நர்ஸு தப்பானதை வாங்கிட்டா, அது உடையுற வரைக்கும் அதோடதான் மாரடிக்கணும்."

செண் என்பது நான். செண்பகம் இங்கே தாஸ்மேனியாவில் யாருடைய வாயிலும் முழுதாக நுழைந்ததில்லை.

ஒலியை அவர் ஒருவரே கேட்டுவிடலாம். சுகத்தை ஒரு தலை மட்டும் சொல்ல முடியாது. அதனால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய கார் கொட்டகைக்கு வேறு இரண்டு தலைகள் வரும். ஒன்று டாரிலுடையது. காகித ஆலையில் உழைத்து ஓய்ந்த தலை. சுற்றளவு அறுபத்து மூன்று சென்டிமீட்டர். அதில் இறுக்காமல் உட்காரும் ஹெட்போன் உலகத்தில் யாருக்கும் இறுக்காது. மற்றது என் தலை. நான் கண்ணாடி போடுகிறவள். கண்ணாடிக் காம்பைக் காதோடு சேர்த்து மெத்தை அழுத்தினால் இருபது நிமிடம் ஒன்றும் தெரியாது, அப்புறம் வலிக்கத் தொடங்கும். அது எந்த நிமிடம் என்று சொல்வதுதான் என் வேலை.

லாயிட் பின்னால் வந்து நின்று, தலைப்பட்டையை ஒரு கண்ணி ஏற்றி, ஒரு கண்ணி இறக்கி, "எங்க அழுத்துது?" என்று கேட்பார். நான் விரலால் தொட்டுக் காட்டுவேன். அந்த இடத்தை அவரும் தொட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்வார்.

(இங்கே ஒரு அடைப்புக்குறி தேவைப்படுகிறது. என் கணவர் மெல்போர்னில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். மகள் பெர்த்தில். நூலகத்தில் என் வேலையை வாரத்துக்கு மூன்று நாளாகக் குறைத்துவிட்டார்கள். எனக்கு எங்கே வலிக்கிறது என்று வாரத்தில் ஒருவர்தான் கேட்டார், அதுவும் பத்திரிகைக்காக. இதை எழுதாமல் போனால் அடுத்த பகுதியில் நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பது உங்களுக்குப் புரியாது. எழுதினால் இரக்கம் தேடுவதுபோல இருக்கிறது. அடைப்புக்குள்ளேயே இருக்கட்டும்.)

3

ஒலிக்கு லாயிட் பாட்டு வைக்கமாட்டார். "பாட்டு நல்லா இருந்தா ஹெட்போனும் நல்லா இருக்கிற மாதிரி ஏமாத்திடும்" என்பார். அவரிடம் பக்கத்து ஊரான அல்வர்ஸ்டனின் மண்டபம் ஒன்றில் அவரே பதிவுசெய்த மேசைப் பந்தாட்டம் ஒன்று இருந்தது. இரண்டு பெண்கள் ஆடுகிறார்கள். மைக் வலைக்கு நேரே. டொக் என்று இடது காதில், டக் என்று வலது காதில். நல்ல ஹெட்போனில் பந்து மூக்குக்கு முன்னால் பறந்து போவது தெரியும். மட்டமானதில் இரண்டு பேரும் ஒரே அலமாரிக்குள் நின்று ஆடுவார்கள்.

கோரா லிம் என்பவளின் ஹெட்போன் வந்தது மார்ச்சில். டெவன்போர்ட்டில் தனி ஆளாகத் தொழில் நடத்தும் பெண். உதிரிகளை வரவழைத்து, மெத்தையைத் தானே தைத்து, நாற்பத்தொன்பது டாலருக்கு விற்றாள். மஞ்சள் நூல் தையல். உள்ளே தாஸ்மேனிய ஆட்டுக் கம்பளி.

டாரில் அதைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். பத்தாவது நிமிடம் குறட்டை கேட்டது.

"யோவ் டாரில், வேலை நேரம்!" என்று லாயிட் அவர் முழங்காலைத் தட்டினார்.

"வேலைதான்யா பாக்குறேன். எழுதிக்கோ. மண்டைக்கு மெத்தை போட்ட மாதிரி இருக்கு. என் பொண்டாட்டி கூட என்னை இவ்வளவு பதமா புடிச்சதில்ல."

"உன் பொண்டாட்டிக்குக் கை எட்டியிருக்காது."

எனக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் வலிக்கவே இல்லை. சுகத்துக்கு ஒன்பது. அந்தப் பக்கத்தில் லாயிட் ஒன்பது போட்டது அதுவே முதல் தடவை.

பிறகு அவர் பந்தாட்டத்தைக் கேட்டார். முகம் சுருங்கியது. மறுபடி கேட்டார்.

"அநியாயம். இவ்வளவு நல்லா தைச்சிட்டு... இடப்பக்கம் ஆடுறவ கம்பளிக் கையுறை போட்டுக்கிட்டு ஆடுறா. மலிவு சரக்குல இப்பல்லாம் இதே கதைதான். இடது பக்கம் மிச்சம் புடிக்கிறானுங்க." கழற்றி என்னிடம் நீட்டினார். "நீ கேளு, செண். இடது பக்கம் கொஞ்சம் குறைவா இல்ல?"

டாரிலைக் கேட்பதில் பயனில்லை. ஆலை இயந்திரங்கள் அவர் காதுகளை என்றைக்கோ தின்றுவிட்டன. நான் மட்டும்தான்.

கேட்டேன். டொக். டக். டொக். டக். இரண்டு பெண்களும் ஒரே பலத்தோடு ஆடினார்கள்.

லாயிட் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் காதால் பிழைத்தவர். நான் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவள். இல்லை என்றால்—

இந்த இடத்தில் ஒரு காரணம் எழுதி அடித்தேன். வேறொன்று எழுதி அதையும் அடித்தேன். மரியாதை, தயக்கம், அவருக்குத்தான் தெரியும் என்ற நம்பிக்கை. மூன்றும் நல்ல காரணங்கள். உண்மைக் காரணம் சின்னது. அவர் சொன்னதை மறுத்தால் அடுத்த சனிக்கிழமை என்னைக் கூப்பிடமாட்டாரோ என்று பயந்தேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்பது தெரிந்தும் பயந்தேன்.

"ஆமா," என்றேன். "கொஞ்சம் குறைவுதான்."

ஒலிக்கு நான்கு.

4

இதழ் வெளிவந்த மூன்றாவது சனிக்கிழமை கொட்டகை வாசலில் ஒரு வெள்ளை வண்டி நின்றது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். டாரில் எழுந்துபோய் ஒரு பக்கம் பிடித்தார்.

"லாயிட் யாரு? நான் கோரா. மஞ்சள் நூல்."

லாயிட் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"ஒரு கடைக்காரங்க அறுநூறு எடுக்கிறதா சொல்லியிருந்தாங்க. உங்க பக்கத்தைப் பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க. நான் சண்டை போட வரல. இதுல இருபது இருக்கு. எதை வேணும்னாலும் நீங்களே எடுத்துக் கேளுங்க. எங்க தப்புன்னு காட்டுங்க. ரெண்டு வாரமா தேடுறேன், எனக்குக் கிடைக்கல."

லாயிட் அவளை மதித்தார். அதையும் எழுத வேண்டும். தட்டிக்கழிக்கவில்லை, பெரிய மனிதத்தனம் காட்டவில்லை. மூன்று உறைகளைப் பிரித்து, ஒவ்வொன்றாகப் போட்டு, பந்தாட்டத்தை முழுதாகக் கேட்டார்.

"மன்னிச்சுக்கம்மா. மூணுலயும் இடது பக்கம் அமுங்கியிருக்கு."

"மூணுலயும் ஒரே அளவா?"

"ஒரே அளவு."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு குரலைத் தணித்து, "திருப்பிப் போட்டுக் கேளுங்களேன்," என்றாள். "வலதை இடது காதுல, இடதை வலது காதுல."

அவர் திருப்பிப் போட்டார். மஞ்சள் தையல் இப்போது முன்பக்கம் தெரிந்தது. கோளாறு ஹெட்போனில் இருந்தால் கையுறை போட்ட பெண் வலப்பக்கம் மாறிவிட வேண்டும். லாயிட் கேட்டார். கழற்றிச் சரியாகப் போட்டார். மறுபடி திருப்பினார். நான்கு தடவை. டாரில் கையில் சிப்பிக்கறி அடைத்த பேஸ்ட்ரி பாதி கடித்தபடி இருந்தது.

"அவ நகரல," என்றார் லாயிட்.

"அழுக்கா இருக்கும்யா," டாரில் அவசரமாகச் சொன்னார். "காதுல அழுக்கு சேந்திருக்கும். எனக்கு ஒரு தடவை கட்டி கட்டியா எடுத்தாங்க, ஒரு மெழுகுவத்தியே செய்யலாம்—"

லாயிட் அதைக் காதில் வாங்கவில்லை. என் பக்கம் திரும்பி ஹெட்போனை நீட்டினார்.

"செண். உனக்கு எப்படிக் கேக்குது?"

நான் அதை வாங்கவில்லை. வாங்கிக் கேட்டுவிட்டு, இப்போதுதான் தெரிவதுபோல நடித்திருக்கலாம். அந்த வழியும் அப்போது மனதில் வந்துபோனது.

"ரெண்டும் ஒண்ணாதான் கேக்குது."

"இப்பவா?"

"அன்னைக்கும்."

கோரா என்னைப் பார்த்த பார்வையை எழுதப் பல தடவை முயன்றேன். கோபம் என்றால் பொய். ஒரு ஆளை அப்போதுதான் அறைக்குள் கவனித்தவள்போலப் பார்த்தாள்.

"அப்புறம் ஏன் ஆமான்னு சொன்னே?" என்று லாயிட் கேட்டார். குரல் உயரவில்லை.

என்னிடம் இருந்த பதிலை நான்கு பேர் நின்ற அறையில் சொல்ல முடியவில்லை. லாயிட் ஹெட்போனின் வயரைச் சுற்றி, உறைக்குள் வைத்து, உறையை ஒட்டினார். மூன்றாவது முயற்சியில்தான் ஒட்டியது.

5

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். நான் அவற்றில் இல்லை. டாரில் சொல்லித்தான் தெரியும்.

அழுக்கு இல்லை. நரம்பு. இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது, இனி வராது என்றாராம் காது மருத்துவர். தனியாக இருக்கிறவருக்கு அது எப்படித் தெரியும்? இடப்பக்கம் நின்று கூப்பிட வீட்டில் ஆள் வேண்டுமே.

லாயிட் பழைய இதழ்களை எடுத்துப் பதினொரு மதிப்புரைகளில் 'இடது பக்கம்' என்ற சொல்லைக் கண்டுபிடித்தார். பதினொன்றுக்கும் திருத்தம் எழுதினார். பத்திரிகை அதை நான்கு வரியாகச் சுருக்கிப் போட்டது. "பிழை மதிப்பிட்டவருடையது, பொருளுடையது அன்று." என் பெயர் அதில் இல்லை. தன் காதைப் பற்றி ஊருக்கே சொன்ன மனிதர் என் பொய்யைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அதோடு அந்தப் பக்கமும் நின்றது. சனிக்கிழமைகளும்தான்.

கோராவின் அறுநூறு திரும்பி வரவில்லை. அந்தக் கடை வேறு எதையோ எடுத்துவிட்டது. அவள் சந்தைகளில் மேசை போட்டு விற்பதாகக் கேள்வி. போய்ப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. கடிதம் எழுதினேன். "கடிதத்துக்கு நன்றி" என்று ஒரு வரி பதில் வந்தது. அதற்கு மேல் நான் எதிர்பார்க்கவும் கூடாது.

6

இந்தக் கதைக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: லாயிட் தொலைபேசியில் கூப்பிட்டு, "டாரில் தலை சும்மா இருக்கு, வா, ஒரு டீ குடிக்கலாம்" என்கிறார். வாசிக்கிறவர்களுக்கு இது பிடிக்கும். எனக்கும்தான். நடக்கவில்லை.

இன்னொன்று: அவர் என்னைக் கடுமையாகத் திட்டுகிறார். நான் அழுகிறேன். கணக்கு நேராகிறது. இதுவும் நடக்கவில்லை. இதைத்தான் அதிகம் ஆசைப்பட்டு எழுதினேன் என்பதால் இதன் மேல் எனக்குச் சந்தேகம்.

நடந்தது இது. நவம்பரில் ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பல்பொருள் கடையில் அவரைப் பார்த்தேன். ரொட்டி அடுக்கிய வரிசையில் நின்று பொட்டலத்தின் தேதியைப் படித்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். கிட்டே போனேன். ஒரு கை தூரத்தில் நின்று, எட்டு மாதமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். ஏன் ஆமாம் என்றேன் என்பதையும், அந்தக் கொட்டகையை விட்டால் எனக்கு வேறு சனிக்கிழமை இல்லாததையும் சேர்த்து.

அவர் திரும்பவில்லை. ரொட்டியைக் கூடையில் வைத்துவிட்டு நடந்தார்.

நான் நின்றது அவருடைய இடப்பக்கம்.

முதலில் இதைத் தற்செயல் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அந்த வரிசையில் எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம். நான் சுற்றிக்கொண்டு வந்தேன்.

இப்போது இதையும் பாருங்கள். லாயிட்டுக்குத் தமிழ் தெரியாது. டாரிலுக்கோ கோராவுக்கோ தெரியாது. இந்த ஊரில் இதை வாசிக்கக்கூடியவர்கள் ஐந்து பேர் இருந்தால் அதிகம். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன் என்று உங்களுக்குத் தோன்றினால், யாருக்குக் கேட்காத பக்கத்தில் நின்று சொல்கிறேன் என்பதையும் யோசியுங்கள்.

அதனால்தான் முடிவு எழுதப்போவதில்லை. நன்றாக ஒரு முடிவு அமைந்துவிட்டால், சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்ட நிம்மதி எனக்கு வந்துவிடும். எனக்கு என்னைத் தெரியும். கடைசி வரிக்குப் புள்ளி வைத்து, கண்ணாடியைக் கழற்றி, தூங்கிப்போவேன்.

இன்று புதன். டாரிலிடம் விசாரித்தேன், லாயிட் இப்போதும் வியாழக்கிழமைகளில்தான் கடைக்கு வருகிறாராம். நாளை பத்தே முக்காலுக்குக் கிளம்பினால் போதும். ரொட்டி வரிசையில் அவர் நிற்பார். இந்தத் தடவை நான் மறு கோடியிலிருந்து வந்து