சூடான தண்ணீருக்கு இடம் வேண்டும்

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சலவைக்குப் போகும் படுக்கை விரிப்புகளைக் குவித்து வைக்கும் நடைபாதையில், மூன்று வாரமாகத் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அடுத்த அறையில், மாடிகளுக்குச் சுடுநீர்க் குழாய் வழியே சூடு அனுப்பும் பாய்லரில், அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் சேப்டி வால்வு விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. சலவைக்காரம்மா வழுக்கி விழாத நாளில்லை, திட்டாத நாளும் இல்லை.

குழாய் வேலை பார்க்கும் பிட்டருக்கு நோய் எங்கே என்று முதல் நாளே தெரியும். தண்ணீர் சூடானால் விரியும். அதை யாராலும் தடுக்க முடியாது, மேனேஜரே உத்தரவு போட்டாலும் நடக்காது. விரிகிற தண்ணீர் போய் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் குழாயோரம் ஒரு டேங்க் வைத்திருக்கிறார்கள். உள்ளே ரப்பர் தடுப்புக்கு ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. தண்ணீர் நெருக்கினால் காற்று சுருங்கி இடம் கொடுக்கும். பிட்டர் டேங்கை விரல் முட்டியால் மேலிருந்து கீழே தட்டிப் பார்த்தான். பாதியாவது காலிக் குடம் போலச் சத்தம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ரப்பர் கிழிந்து, டேங்க் கழுத்துவரை தண்ணீர். போக்கிடம் இல்லாத தண்ணீர்தான் வால்வு வழியாகச் சொட்டியது. அது சொட்டுகிற வரைக்கும் எல்லோரும் பிழைத்தார்கள் என்று அர்த்தம்.

“புது டேங்க் வர பத்து நாளாகும்” என்றார் மேனேஜர். “நாளைக்குக் காலையில மேலிடத்துப் பெரியவங்க சுத்திப் பாக்க வராங்க. அதுக்குள்ள இந்தச் சொட்டு நிக்கணும்.”

“அதை அடைக்கக் கூடாது சார்.”

“நான் அடைக்கச் சொன்னேனா? நிக்கணும்னுதானே சொன்னேன். எப்படின்னு நான் கேக்க மாட்டேன்.”

கேட்காமல் இருப்பதற்குத்தான் இப்படிப்பட்டவர்களைப் பெரிய நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். பிட்டர் அந்த வெள்ளிக்கிழமை பாய்லரை அணைத்தான். வெயில் அடிக்கிறது, இரண்டு நாள் சூடில்லாமல் ஓட்டலாம். தண்ணீர் ஆறிய பிறகும், மூன்று வாரம் சொட்டிய வால்வு சரியாக மூடிக்கொள்ளவில்லை. அதனால் வால்விலிருந்து இறங்கும் குழாயின் வாயில் ஒரு இரும்பு மூடியைத் திருகி இறுக்கினான். சனிக்கிழமை மதியம் கழற்றிவிடுவதாகத் திட்டம்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. எதை மூடினாலும் அதன்மேல் ஒரு சிவப்புத் துணியைக் கட்ட வேண்டும். அடுத்து வருகிறவன் அதைப் பார்க்காமல் எதையும் தொடக் கூடாது. வழக்கத்தைக் கொண்டுவந்தவனே பிட்டர்தான். துணியைக் கையில் எடுத்தான். இதைப் பார்த்தால் வருகிறவர்கள் என்ன ஏது என்று கேட்பார்களே என்று யோசித்தான். திரும்பப் பைக்குள்ளேயே வைத்துவிட்டான்.

சனிக்கிழமை பெரியவர்கள் வந்தார்கள், காய்ந்த தரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள், போனார்கள். பிட்டரும் வீட்டுக்குப் போனான். மூடியை மறந்துவிட்டான். இதற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. மனுஷன் மறந்தான், அவ்வளவுதான்.

ஞாயிறு விடியும்போது குளிர் திரும்பிவிட்டது. பாய்லரைப் பற்ற வைக்கச் சொல்லி மேனேஜர் ஆப்பரேட்டரைக் கூப்பிட்டார். ஆப்பரேட்டர் வேறு யாருமில்லை, பிட்டரின் தங்கை புருஷன். பிட்டர்தான் கையைக் காலைப் பிடித்து அவனை அங்கே வேலைக்குச் சேர்த்தவன். மாப்பிள்ளை வந்தான், காய்ந்த தரையைப் பார்த்தான், சிவப்புத் துணி எங்காவது தெரிகிறதா என்று ஒரு சுற்றுச் சுற்றினான். இல்லை. “டேங்க மாத்திட்டாரு போலிருக்கே! எங்க மச்சான் கை வச்சா சும்மாவா?” என்று சலவைக்காரம்மாவிடம் பெருமையடித்துவிட்டு நெருப்பை ஏற்றினான்.

நெருப்பு அளவாகத்தான் எரிந்தது. தண்ணீர் விரிந்தது, டேங்கில் இடமில்லை, வால்வில் வழியில்லை. மேல்மாடிக் குழாய்களில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றிவிட்டு மாப்பிள்ளை இறங்கி வந்தபோது அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் கடைசிக் கோட்டைத் தாண்டியிருந்தது. வாசல் பக்கம் ஓடியிருந்தால் தப்பியிருப்பான். நெருப்பை அணைக்க ஓடினான். அணைத்தும்விட்டான். அந்த நேரத்தில் குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டு, கொதிநீர் மொத்தமும் அவன் மேல் வந்தது.

அதே கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் இரண்டு நாள் கிடந்து செத்தான்.

விசாரணை ஒரு மாதம் கழித்து. மேஜைமேல் அந்த இரும்பு மூடி கிடந்தது. “இதைப் போட்டது யாரு?” என்று விசாரிக்க வந்தவர் கேட்டார்.

மேனேஜர் பைலைப் புரட்டினார். “ஞாயித்துக்கிழமை டியூட்டியில அவர் ஒருத்தர்தான் சார் இருந்தார். தண்ணி சொட்டுதேன்னு அவரே அடைச்சிருக்கணும்.”

“உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” கேள்வி பிட்டரிடம் வந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் காலையில் கிளம்பியிருந்தான். வழியெல்லாம் வார்த்தையைக்கூடக் கூட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான். இப்போது சிறை, வேலை, தன் பிள்ளைகளின் முகம் எல்லாம் ஒரே நேரத்தில் முன்னால் வந்து நின்றன. செத்தவனுக்கு இனி என்ன ஆகிவிடப் போகிறது என்றும் ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புக்காகவே அவனை நிற்க வைத்து அறையலாம்.

“தெரியாது சார்.”

சாயங்காலம் தங்கை வீட்டுக்குப் போனான். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று நினைத்தே போனான். அவள் பாயில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பு அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

“எல்லாம் கேள்விப்பட்டேண்ணா” என்றாள். “அவர்தான் அடைச்சாராம்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“எனக்கு அப்பவே தெரியும். மூணாவது மாடியில கிடந்தப்ப வாய் திறந்து ரெண்டு வார்த்தை பேசினார். ‘எங்கேயோ தப்பு பண்ணிட்டேன், என்னன்னுதான் தெரியல. மச்சான் அவ்வளவு நல்லா செஞ்சு வச்சிருந்ததை நான் கெடுத்துட்டேன். அவர்கிட்ட மன்னிப்பு கேளு’ன்னார். உங்கிட்ட சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. நீ சேத்துவிட்ட வேலை. உன் பேருக்கும் சேத்துக் களங்கம் வந்துடுச்சு.”

பேசிக்கொண்டே எழுந்தவள், குனிந்து அவன் காலைத் தொட்டாள்.

“அவரை மன்னிச்சிடுண்ணா.”

சொல்லத் தகுந்த வார்த்தை உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவனுக்குத் தெரிந்தும் இருந்தது. அவன் அவள் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

“விடும்மா” என்றான். “நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கல.”