அக்கரையில் எழுதிய பிறப்பு

இந்தக் காலத்து ஆட்களுக்கு மனுஷன் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. கையில் இருக்கும் காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். பேங்கில் அப்படி, ஆஸ்பத்திரியில் அப்படி. ரொட்டிக் கடையில்கூட நம்பர் சீட்டைக் கிழித்துக் கொடுத்து உட்கார வைக்கிறான். முப்பது வருஷமாக என்னைத் தெரிந்தவன்தான் அவன்.

எல்லை ஆற்றுப் பாலத்தில் முன்பெல்லாம் அப்படி இல்லை. சீருடைக்காரன் எந்த நாடு என்று கேட்பான். அமெரிக்கன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தலையை ஆட்டி விட்டுவிடுவான். பைக்குள் பன்றிக் கறியோ மாம்பழமோ ஒளித்து வைத்திருக்கிறேனா என்பதுதான் அவன் கவலை. அறுபது வருஷம் அந்த ஒரு வார்த்தையில்தான் நான் ஆற்றைத் தாண்டிப் போய் வந்தேன். இக்கரையில் எல் வாதோ, டெக்சாஸ், என் ஊர். அக்கரையில் சாந்தா ரோசாலியா, மெக்சிகோ. அங்கேதான் என் அக்கா ஒப்துலியா வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலத்தை நடந்தே தாண்டுவேன். அக்கா முந்தின நாளே மாட்டுத் தலையைக் குழியடுப்பில் இறக்கி மூடியிருப்பாள். சோள ரொட்டியில் கறியைச் சுருட்டித் தின்றுவிட்டு, அவள் திட்டுவதை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, சாயங்காலம் திரும்புவேன். அது தவிர எனக்கு வேறு ஊர் சுற்றல் கிடையாது.

இரண்டாயிரத்து ஒன்பதில் சட்டம் மாறியது. பாஸ்போர்ட் இல்லாமல் போகலாம், திரும்பி வர முடியாது. எனக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. மனு போட்டேன். என் பிறப்புச் சான்றிதழில் மருத்துவச்சி பேத்ராவின் கையெழுத்து இருக்கிறது. அது போதாது என்று பதில் வந்தது. எங்கேயோ சில மருத்துவச்சிகள் பொய்ச் சான்றிதழ் எழுதி விற்றார்களாம். அதனால் மருத்துவச்சி கையில் பிறந்த எல்லோர் மேலும் சந்தேகமாம். அம்மா கர்ப்பமாக இருந்தபோது டாக்டரிடம் காட்டிய சீட்டு இருந்தால் அனுப்பு என்றார்கள். நான் பிறந்த வீட்டுக்குக் கதவே கிடையாது, கோணிதான் தொங்கும். டாக்டர் சீட்டுக்கு எங்கே போவேன்? பட்டாளத்துக்கு என்னைக் கூப்பிட்டபோது மருத்துவச்சி யார் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. ஓட்டுப் போடுவதற்கு எங்களிடம் வரி பிடுங்கிய காலத்திலும் கேட்கவில்லை.

சோன்தான் என்னை வக்கீலிடம் இழுத்துக்கொண்டு போனான். வெங்காயக் கொட்டகையில் என்னோடு இருபது வருஷம் மூட்டை தூக்கியவன் அவன். மூடிப்போன செருப்புக் கடையில் ஏழைகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் ஆபீஸ் ஒன்று திறந்திருந்தார்கள். இலவசம் என்றாலே எனக்குச் சந்தேகம்தான். அங்கே இருந்தவள் மரிசேலா என்று ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. நாலு பக்கம் கேள்வி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கடைசியில் பேனாவைக் கீழே வைத்தாள்.

"ஐயா, அக்கரையில உங்க பேர்ல ஏதாவது பிறப்புப் பதிவு இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. தப்பில்ல. எனக்கு முன்னாடியே தெரியணும், அவ்வளவுதான்."

இல்லை என்று சொன்னேன். கண்ணை இமைக்காமல் சொன்னேன்.

இருந்தது.

எங்கள் ஊரில் ரயில் பாதைக்குத் தெற்கே, மெக்சிகோ வம்சத்து எங்கள் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் இருந்தது. வடக்கே வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் செங்கல் கட்டடம், எங்களுக்குத் தகரம். முதல் நாளே டீச்சர் இலாரியோ என்ற என் பெயரை லாரி என்று இங்கிலீஷ்காரன் பெயராக மாற்றினாள். வாயைத் திறந்து ஸ்பானிஷ் பேசினால் பலகை அடி. பலகையில் ஓட்டை போட்டு வைத்திருந்தாள், வீசும்போது காற்று தடுக்கக் கூடாது என்று. முதல் வகுப்பிலேயே மூன்று வருஷம் உட்கார வைத்தார்கள். மக்கு என்பதால் இல்லை. எங்கள் பிள்ளைகள் எல்லோரையும் அப்படித்தான். மீசை முளைத்தவன்கூட மூன்றாம் வகுப்பில் இருந்தான். பருத்தி எடுக்கும் வயது வந்ததும் தானாக நின்றுவிடுவான் என்பது அவர்கள் கணக்கு.

மூன்றாம் வருஷம் முடிந்தும் எனக்கு என் பெயரை எழுதத் தெரியவில்லை. அப்பா ஒரு நாள் பார்த்தார், இரண்டு நாள் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து ஆற்றைத் தாண்டி, சாந்தா ரோசாலியாவில் இருந்த அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புப் பதிவு கேட்டார்கள். பதிவு ஆபீசில் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, பையன் இந்த ஊரில்தான் பிறந்தான் என்று சொன்னார். சேணம் தைப்பவனும் முடி வெட்டுபவனும் சாட்சி. ஒன்பது வயதுப் பையன் எதிரே நிற்க, ஒன்பது வருஷத்துக்கு முன் அந்த ஊரில் பிறந்தவன் என்று எழுதினார்கள். வெளியே வந்ததும் அப்பா என் தலையில் தொப்பியை வைத்து, யார் கேட்டாலும் இங்கேதான் பிறந்தேன் என்று சொல் என்றார்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் ஆற்றங்கரையில் பாதிப் பேருக்கு இப்படி இரண்டு பதிவு உண்டு. பிள்ளை படிக்கட்டும் என்று செய்தது. ஒன்றரை வருஷம் அங்கே படித்தேன். இப்போது நான் எழுதுகிற எழுத்தெல்லாம் அந்த ஒன்றரை வருஷத்து எழுத்து.

இதை ஏன் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை? அரசாங்கத்துக்கு எதிராக வழக்கு நடத்துகிறவள் அரசாங்கத்தோடு காபி குடிக்க மாட்டாள் என்று என்ன நிச்சயம்? தவிர, செத்துப்போன அப்பாவைப் பொய்யன் என்று ஒரு ஃபைலில் எழுதுவதற்கு நான் பேனா எடுத்துக் கொடுக்க வேண்டுமா?

ஐந்து மாதம் கழித்துச் சோன் வீட்டுக்கு வந்து, வக்கீல் அம்மா உடனே வரச் சொன்னதாகச் சொன்னான். போனேன். மேஜை மேல் ஒரு நகல் இருந்தது. சாந்தா ரோசாலியாவின் முத்திரை, என் பெயர், அப்பாவின் கைநாட்டு. அரசாங்கமே தேடி எடுத்து அனுப்பியிருந்தது, நீ அந்த நாட்டுக்காரன் என்ற கடிதத்தோடு.

"நான் கேட்டேனா இல்லையா, ஐயா?"

"கேட்ட."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லைன்னு சொன்னேன்."

"ஏன்?"

"நீ யாருன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் முகம் சிவந்தது. ஆனால் கத்தவில்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் பள்ளிக்கூடத்துக்காகச் செய்த பதிவு என்று ஒரு விளக்கத்தைச் சேர்த்து அனுப்பியிருப்பாளாம். இந்த மாதிரி நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கிறாளாம். இப்போது நான் மறைத்தவன் ஆகிவிட்டேன். மறைத்தவனுடைய மற்ற காகிதத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், குறைந்தது எட்டு மாதம் கூடுதலாக ஆகும் என்றாள்.

அந்த எட்டு மாதத்தில்தான் அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போயிற்று.

மரிசேலா சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அக்கரையில் பதிவதற்கு முன்பே நான் இக்கரையில் பள்ளிக்கூடம் போனேன் என்று காட்டினால் பாதி வழக்கு முடிந்துவிடும் என்று எங்கள் பழைய பள்ளிக்கூடத்துப் பதிவேட்டைத் தேடிப் போனாள். செங்கல் கட்டடத்துப் பதிவேடுகள் முழுவதும் இருந்தன, எந்தப் பிள்ளைக்கு என்றைக்கு அம்மை போட்டது என்பது வரைக்கும். தகரக் கட்டடத்தை மூடி இரண்டையும் ஒன்றாக்கிய வருஷம் எங்கள் காகிதங்களை லாரியில் ஏற்றிக் குப்பை மேட்டில் கொட்டிவிட்டார்களாம். நாங்கள் அங்கே படித்ததற்கு ஒரு சீட்டு இல்லை. மூன்று வருஷம் முதல் வகுப்பு, அத்தனை பலகை அடி, எதற்கும் சாட்சி இல்லை.

இருந்த ஒரே சாட்சி அக்காதான். நான் பிறந்தபோது அவளுக்கு ஏழு வயது. மரிசேலா பாலத்தைத் தாண்டிப் போய், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தியப்பிரமாணமாக எழுதி வாங்கினாள். பேத்ரா கழுதை வண்டியில் வந்தது, அம்மா பல்லால் கடித்துக் கிழித்த போர்வை, நஞ்சுக்கொடியை எந்த மரத்தடியில் புதைத்தார்கள் என்பது, எல்லாம் சொன்னாளாம். இருபது நிமிஷம் பேசியதும் மூச்சு வாங்கியதாம். திரும்பி வந்த மரிசேலா என் முகத்தைப் பார்க்காமல், உங்களுக்கு ஒன்று சொல்லச் சொன்னார் என்றாள்.

"என்ன?"

"'அந்தக் கழுதை வயித்துக்கு என் கறி வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்லட்டும். பதினாலு மாசமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வாசலைப் பாத்துட்டு உட்கார எனக்கு என்ன தலையெழுத்தா'ன்னு கேட்டாங்க."

அக்காவுக்குப் பாஸ்போர்ட் சங்கதியெல்லாம் நூறு தடவை சொல்லியாயிற்று. அவள் மண்டையில் ஏறவில்லை. பாலம் அங்கேயே இருக்கிறது, கால் இருக்கிறது, வராதவன் வராதவன்தான் என்பது அவள் வாதம். யோசித்தால் அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

மார்ச் மாதம் அவள் மகன் போன் செய்தான். இன்னும் இரண்டு நாளோ மூன்று நாளோ, மாமா, என்றான். நான் மரிசேலாவுக்குப் போன் செய்தேன். போனால் திரும்ப முடியாது, வழக்கும் அங்கேயே செத்துவிடும், இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றாள். சோன் வேறு யோசனை சொன்னான். பாலம் வழியாகப் போகலாம், திரும்பும்போது இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்துவிடலாம் என்றான்.

"இந்த வயசுல, நான் பொறந்த ஊருக்குள்ள, திருடன் மாதிரி நனைஞ்சுகிட்டு வரச் சொல்றியாடா?"

"நனைஞ்சா காயும்டா. அக்கா திரும்பக் கிடைப்பாளா?"

அவனைப் போகச் சொல்லிவிட்டு நான் தனியாகப் பாலத்துக்குப் போனேன். காசு போட்டால் சுழலும் இரும்புக் கதவு ஒன்று இருக்கிறது அங்கே. காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பின்னால் ஒரு பெண்பிள்ளை இரண்டு மூட்டைத் துணியோடு வந்து, போகிறீர்களா இல்லையா என்று கேட்டாள். வழி விட்டேன். பிறகு ஒரு ஆள், பிறகு மூன்று பேர். எல்லோருக்கும் வழி விட்டேன். என் வீடு இக்கரையில். என் சம்சாரத்தின் கல்லறை இக்கரையில். பென்ஷன், மாத்திரை, எல்லாம் இக்கரையில். போனால் எழுபத்து மூன்று வயதில் அக்கா மகன் வீட்டுத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டு, நான் இன்ன ஊர்க்காரன் என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இதையெல்லாம் நினைத்தேன். பயந்தேன் என்று சொன்னால் அதுவும் சரிதான். காசைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

வியாழக்கிழமை அக்கா போய்விட்டாள். அடக்கத்தை அவள் மகன் போனில் காட்டினான். படம் நின்று நின்று வந்தது. பாதிரியார் வாய் அசைந்தது, சத்தம் பிறகு வந்தது. நான் சமையலறையில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தேன்.

எட்டு மாதம் என்று மரிசேலா சொன்ன கணக்கு ஏறக்குறைய சரியாகத்தான் இருந்தது. ஜூன் மாதம் பாஸ்போர்ட் வந்தது. அக்காவின் வாக்குமூலத்தை ஒப்புக்கொண்டார்களாம். நான் மறைக்காமல் இருந்திருந்தால் எந்த மாதத்தில் வந்திருக்கும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். போன வருஷம் அக்டோபர். அக்டோபரில் அக்கா நடமாடிக்கொண்டிருந்தாள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மரிசேலாவுக்குத் தெரியும். அவளும் சொல்லவில்லை.

செருப்புக் கடை ஆபீசில் அன்றைக்குக் கேக் வெட்டினார்கள். பாஸ்போர்ட் வந்தவர்கள் ஐந்து பேர். ஒருத்தி அந்தப் புத்தகத்துக்கு முத்தம் கொடுத்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு பேர் வருகிறார்கள், தகரப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நீங்கள் பேச வேண்டும் என்று மரிசேலா கேட்டாள். அதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லையாம், நீங்கள் சொன்னால்தான் இருக்குமாம். குப்பையில் கொட்டியவனைக் கேட்கச் சொல் என்றேன்.

சோன் வெளியே வண்டியை ஓட விட்டபடியே காத்திருந்தான். பின்னால் ஒரு வாளி நிறையச் சாமந்திப் பூ வாங்கி வைத்திருந்தான். ஏறு, இப்போதே பாலத்தைத் தாண்டி அக்கா குழிக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் வந்துவிடலாம் என்றான்.

நான் ஏறவில்லை.

"என்னடா? கையில வந்தாச்சு. இன்னும் என்ன?"

"உன் மச்சான் ருபெர்த்தோவுக்கும் கையிலதான் இருந்துச்சு. பாலத்துல சீருடைக்காரன் வாங்கிப் பாத்துட்டு மேஜை டிராயர்ல போட்டுப் பூட்டிட்டான். ருபெர்த்தோ இன்னும் அக்கரையில தக்காளிப் பெட்டி அடுக்கிட்டு இருக்கான்."

மரிசேலா வாசலுக்கு வந்திருந்தாள். கையில் கேக் தட்டு. அது வேறு கேஸ், உங்களுடையது செல்லும் ஐயா, நான் சொல்கிறேன் என்றாள்.

"நாளைக்குப் பாலத்துல வேற ஒருத்தன் நின்னுக்கிட்டு செல்லாதுன்னு சொன்னா?"

அவள் கேக் தட்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். நல்ல பெண். பொய் சொல்லத் தெரியாதவள்.

"திரும்பவும் கேஸ் போடுவோம்," என்றாள்.

"எனக்கு எழுபத்து மூணு வயசும்மா."

பூவை நீயே கொண்டுபோய் வை, உன் காகிதத்தில் மருத்துவச்சி இல்லை, ஆஸ்பத்திரி இருக்கிறது என்று சோனிடம் சொன்னேன். அவன் கெட்ட வார்த்தையில் ஏதோ முணுமுணுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டேன். வெயில் அடித்தது. மரிசேலா, ஐயா, கொஞ்சம் நில்லுங்க என்றாள். நிற்கவில்லை. பாலத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே வீட்டைப் பார்த்து நடந்தேன்.