சகலை கொடுத்த விலைத்தாள்

சகலையின் பட்டறைக்குள் கால் வைத்ததுமே கிரில்காரருக்கு வயிறு எரிந்தது. அங்கேயும் அதே இரும்பு, அதே வெல்டிங் புகைதான். ஆனால் மூலையில் கண்ணாடி வைத்த அறை, அதற்குள் கம்ப்யூட்டர், அதன் முன்னால் கரி படாத சட்டையோடு சகலை. பெண்டாட்டியின் தங்கையைக் கட்டியவன். வயதிலும் தொழிலிலும் இளையவன்.

"வாங்கண்ணே, உக்காருங்க" என்றான். அந்த மரியாதையும் எரிந்தது.

மனைவிதான் அவரைத் துரத்தி அனுப்பியிருந்தாள். ஒரு விடுதியின் ஜன்னல்களுக்கெல்லாம் கிரில் போட விலை கேட்டிருந்தார்கள். அவர் வழக்கம்போல் காலண்டர் தாளின் முதுகில் மொத்தத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார். விடுதிக்காரம்மா அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பித் தந்தாள். "இரும்புக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவுன்னு பிரிச்சு, டைப் பண்ணி அனுப்புங்க."

"என் தங்கச்சி வீட்டுக்காரர் நிமிஷத்துல அடிச்சுத் தள்றாரு. போய்க் கேட்டா தேஞ்சா போயிருவீங்க?" என்றாள் மனைவி. அந்த வீட்டில் பேச்சு எங்கே தொடங்கினாலும் அங்கே போய்த்தான் முட்டும்.

விடுதி சமாச்சாரத்தை மட்டும் சகலையிடம் அவர் மூச்சு விடவில்லை. தெரிந்தால் குறுக்கே புகுந்து தட்டிக்கொண்டு போய்விடுவான்.

"இந்த விலைத்தாள் ஒருதடவை செஞ்சு வச்சதுதாண்ணே. விலை கேக்கற ஆளுக்கு ஒரு நகல் எடுத்து, மஞ்சள் கட்டத்துல மட்டும் அளவும் ரேட்டும் போடுங்க. கணக்கை அதுவே பாத்துக்கும். மத்ததுல கை பட்டுரக் கூடாதுன்னு பூட்டி வச்சிருக்கேன். அப்புறம் கடைசியில..."

பூட்டு என்றதுமே அவர் காது அடைத்துக்கொண்டது. எதற்குப் பூட்டுகிறான்? உள்ளே என்னத்தை ஒளித்திருக்கிறான்? கடைசியில் என்ன என்பது உள்ளே இறங்கவே இல்லை.

வீட்டில் மகளின் பழைய கம்ப்யூட்டரில் அவன் கொடுத்த தாளைத் திறந்து ஒற்றை விரலால் தட்டினார். மொத்தம் வந்ததும் கால்குலேட்டரை எடுத்தார். விலையை ஏற்றிக் காட்டி என் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்க்கிறான், பிடித்துவிடுகிறேன் பார் என்று திரும்பத் திரும்பப் போட்டார். பைசா பிசகவில்லை. குற்றம் சொல்ல இடம் கொடுக்காத மனுஷனை எப்படித்தான் சகிப்பது? முணுமுணுத்துக்கொண்டே விடுதிக்கு அனுப்பிவைத்தார்.

மறுநாள் சகலை போன் செய்தான்.

"அண்ணே, விடுதியிலேர்ந்து ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டாங்க. தாள்ல கடைசி மஞ்சள் கட்டத்துல என் பேரும் நம்பரும் அப்படியே இருக்கு. மாத்தச் சொன்னேனே."

கூட்டலிலும் பெருக்கலிலும் திருடனைத் தேடியவர், தாளின் அடிவரை இறங்கிப் பார்க்கவில்லை.

"அப்ப ஆர்டர் உனக்குத்தான்."

"என்னண்ணே பேசறீங்க. அது எங்கண்ணன் குடுத்த விலை, வேலை சுத்தமா இருக்கும், நான் பொறுப்புன்னு சொல்லி உங்க நம்பரைக் குடுத்துட்டேன். நாளைக்கு வரச் சொன்னாங்க. என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

விடுதிக்காரம்மா கையெழுத்துப் போடும்போது, "உங்க தம்பி அவ்வளவு தூரம் சொன்னாரு. அதை நம்பித்தான்" என்றாள். அவர் தலையை ஆட்டினார். ஆர்டரை அவன் பிடுங்கியிருந்தால் ஆயுசுக்கும் வைது தீர்க்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். பாவி, அதையும் கொடுக்காமல் போய்விட்டான்.

"பாத்தீங்களா, என் தங்கச்சி வீட்டுக்காரரு..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"பாத்தேன், பாத்தேன். சாப்பாட்டைப் போடு."

சாப்பிட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். கடைசிக் கட்டத்தில் தன் பேரையும் நம்பரையும் அடித்தார். போதவில்லை. அந்த மஞ்சள் அவன் முகமாகவே தெரிந்தது. பச்சையாக்கிவிட்டால் பார்க்கிறவனுக்கு இது நம் தாள்தான் என்று தெரியும் என எங்கெங்கோ அழுத்தினார்.

பூட்டியிருக்கிறது, பாஸ்வேர்டு கொடு என்றது அது.

போனை எடுத்தார். சகலையின் பேர் வரை போய், கீழே வைத்துவிட்டார்.