ஒரு நூல் பெருசு

உடைந்த பிஸ்டனின் மூன்று துண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, செவ்வாய்ப்பேட்டைப் பழைய இரும்புக் கடையின் பலகை மேல் வைத்தான் கைலாசம். உலகச் சண்டை தொடங்கிய நாளிலிருந்து சேலத்தில் புது உதிரிச் சாமான் குதிரைக்கொம்பு. எங்கோ ஓடி ஓய்ந்த வண்டியில் கழற்றிப் போட்டதுதான் ஊர் ஜனங்களுக்கு. ஜலகண்டாபுரத்திலிருந்து சேலத்துக்குக் பெட்ரோலுக்குப் பதில் கரி வாயுவில் இருமிக்கொண்டு ஓடிய ஒரே பஸ் அவனுடையது. போன சந்தையன்று அது தாரமங்கலத்து மேட்டில் கடகடவென்று கத்திவிட்டு நின்றதுதான். மாடு கட்டி இழுத்துத்தான் ஊர் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

பிழைப்பு நின்றதைப் பற்றிக் கவலையில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் பெரிய கவலை அதுவல்ல. வீட்டில் அவன் மனைவி முத்தாயம்மாள் நிறைமாதமாக இருந்தாள். பிள்ளை வயிற்றில் குறுக்கே கிடக்கிறது, வலி எடுக்கும் முன்பே கொண்டுவந்துவிடு, மாட்டுவண்டியில் மட்டும் குலுக்கிக் கொண்டுவராதே என்று சேலத்து ஆஸ்பத்திரி நர்ஸ் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். “நம்ம பஸ்ஸு இருக்கறப்ப என்னங்கம்மா பயம்?” என்று சொல்லிவிட்டு வந்தவன் இவன்.

கடைக்காரர் சின்னுசாமி ஆசாரி மரவேலையை விட்டு இரும்புக்கு வந்தவர். ஆகாத சாமானை ஆகும் என்று தலையில் கட்டுகிற ஆள் இல்லை. காலிப்பரை விரித்துத் துண்டுகளை அளந்தார், உள்ளே போய்க் குவியலைக் கிளறினார், எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு பிஸ்டனோடு வந்தார்.

“கம்பெனி ஒண்ணுதானுங்க. ஒசரமும் ஒண்ணு, பின்னு போற ஓட்டையும் ஒண்ணு. குறுக்களவு மட்டும் ஒரு நூலு பெருசு. உங்களுக்கு ஆகுங்களா?”

கைலாசத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவன் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. நடை பழகியதே தறிக்குழியைச் சுற்றித்தான். நூல் என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தாமாகவே ஓர் இழையை உருட்டிப் பார்த்தன. அதற்கென்று ஒரு கனமா? கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம், ஒன்று குறைந்தால் கோயிலில் விளக்குப் போட்டுச் சரிக்கட்டிக்கொள்வதில்லையா?

“ஒரு நூலுதானுங்களே, தேச்சுக்கலாமுங்க.”

ஆசாரி நெற்றியைச் சுருக்கினார். “ஒரு நூலு தேய்க்கறதுக்கு ஆளிருக்குதுங்களா உங்கூர்ல?”

“இருக்கறாருங்க. எங்க காளியண்ணன் கெட்டிக்காரரு.”

அத்தோடு பேச்சு முடிந்தது. இன்னும் ஒரு வார்த்தை யாராவது கேட்டிருக்கலாம். ஆனால் இருவருக்கும் அது பிறந்த நாள் முதல் பழகிய சொல். பழகிய சொல்லுக்கு யார் அர்த்தம் கேட்பார்கள்? பிஸ்டனைத் துண்டில் சுற்றி, சைக்கிளில் கட்டி, வழி நெடுக வராத பாட்டைப் பாடிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான் கைலாசம்.

மறுநாள் விடிந்ததும் பிட்டர் காளியண்ணன் எஞ்சினைப் பிளந்து வைத்துக்கொண்டு, தேய்க்கிற எமரிப் பொடியில் எண்ணெய் குழைத்துத் தயாராக இருந்தார். பிஸ்டனை வாங்கிச் சிலிண்டரின் வாயில் வைத்தார். அது உள்ளே போகவில்லை. குடத்து வாய்க்குப் பெரிய மூடி வைத்த மாதிரி மேலேயே உட்கார்ந்திருந்தது.

“எத்தன பெருசுன்னு சொன்னாங்க?”

“ஒரு நூலு.”

“ஒரு நூலுன்னா எவ்வளவுன்னு நெனச்சீங்க?”

கைலாசம் இரண்டு விரல்களையும் ஒட்டிக் காட்டினான். காளியண்ணன் எமரிக் குழம்பைத் தள்ளி வைத்தார்.

“அது உங்க தறி நூலுங்ணா. ஆசாரிக்கு ஒரு நூலுன்னா அரைக்கால் இஞ்சு, இஞ்சுல எட்டுல ஒரு பங்கு.”

“தேச்சா?”

“வளையம் உக்கார்ற பள்ளமெல்லாம் போயிருமுங்க. அப்பறம் அது பிஸ்டனே இல்ல.”

“மூணு பிஸ்டன்ல ஓட்டிப் பாத்தா?”

“நாலு இருக்கறப்பவே மேட்டுல ஆளெறங்கித் தள்றோம்.”

அவமானத்தில் கைலாசத்தின் காது மடல் எரிந்தது. மாற்றிக்கொண்டு வாரேன் என்று சைக்கிளைத் திருப்பினான். அதற்குள் அவன் அக்கா கந்தம்மாள் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

“வலி கண்டுருச்சு சாமி! வண்டியப் பூட்டு!”

மாட்டுவண்டியில் வைக்கோலைக் கனமாகப் பரப்பி முத்தாயம்மாளைத் தூக்கிப் படுக்க வைத்தார்கள். அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“ஏனுங்க, பஸ்ஸு ஆகலீங்களா?”

“ஆகல முத்தாயி.”

கந்தம்மாளும் ஏறிக்கொள்ள, அவன் மாட்டைத் தட்டினான்.

தெரு முனையில் தறிக்கு ஏற்றும் பாவு நீட்டியிருந்தது. தறிக்காரர் சரவணமுத்துவும் அவர் வீட்டு ஆட்களும் தெருவை அடைத்து இழைகளை இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்கள். பாவு காயும் மட்டும் வண்டிகள் ஏரிப்பக்கமாகச் சுற்றிப் போவது ஊர் வழக்கம். அந்த வழி முழுக்கக் கல். கைலாசம் மாட்டை ஏரிப்பக்கம் திருப்பினான். உள்ளேயிருந்து முத்தாயம்மாளின் அலறல் எழுந்தது.

சரவணமுத்து கஞ்சிக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். நூல் பங்கீட்டில் கிடைக்கிற காலம். அந்தப் பாவுக்காகப் பொழுதெல்லாம் வரிசையில் நின்றவர் அவர். அது போனால் தறி சும்மா கிடக்கும், அடுப்பும் சும்மா கிடக்கும். அவர் குனிந்து முளைக்குச்சியைப் பிடுங்கினார். பாவு ஈரத்தோடு மண்ணில் சரிந்தது.

“மேல ஏத்திப் போ,” என்றார்.

மாடுகள் முதலில் மிரண்டன. பிறகு நடந்தன. சக்கரம் அத்தனை இழைகளின் மேலும் ஏறிப் போயிற்று. அந்தத் தெரு நீளம் மட்டும் வண்டி குலுங்கவில்லை.

தெரு முடிந்து சேலம் பாதை தொடங்கும் இடத்தில்தான், உள்ளே சத்தம் நின்றுவிட்டது கைலாசத்துக்கு உறைத்தது. அக்காவும் பேசவில்லை. திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. சக்கரத்தைப் பார்த்தான். இரும்புப் பட்டையிடுக்கில் ஓரிழை மாட்டியிருந்தது. தெருவில் கிடந்த பாவிலிருந்து அது உருவிக்கொண்டு, மண் ஒட்டி, வண்டியின் பின்னால் நீண்டுகொண்டே வந்தது. அது அறுந்தால் உள்ளே இருக்கிற உயிரும் அறுந்துவிடும் என்பது போல, அறுந்துவிடக் கூடாதே என்று அவன் மாட்டை மெல்ல ஓட்டினான்.