எல்லை வேலியில் ஒரு பொட்டு

கரம்பொன் கிராமத்தில் அன்ரனிதாஸ் கட்டிய தகரக் கொட்டிலை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். வலையும் படகு என்ஜினும் மழையில் நனையாமல் இருக்கத்தான் கட்டினான். ஆனால் மனுசன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்த பார்வை, மாளிகை கட்டினவன் பார்வை! வளவுக்குள் எவ்வளவோ இடம் கிடந்தும், ஒரு சாணும் வீணாகக்கூடாதென்று எல்லை வேலியோடு ஒட்டியே கட்டிவிட்டான். வேலியில் இருந்த பொட்டு கொட்டிலின் பின்பக்கத்துக்குள் மறைந்துபோனது.

பொட்டு என்றால் ஓலையை விலக்கி ஆள் நுழைய விட்ட இடைவெளி. பக்கத்து வளவுச் சின்னத்தங்கம் பாதித் தேங்காய் கேட்டு வருவதும், அன்ரனிதாசின் மனைவி அந்தோனியம்மா மீன் கொண்டுபோய்க் கொடுப்பதும் அதற்குள்ளால்தான்.

“அதுக்கென்ன, முன்வாசல் படலையால வரலாம்தானே” என்று அந்தோனியம்மாவும் விட்டுவிட்டாள். சின்னத்தங்கம் வரவேயில்லை. கிழமை போய் மாதமும் போனது. தேத்தண்ணி நேரமெல்லாம் அந்தோனியம்மாவுக்கு வேலிப் பக்கமே காது. என்ன பிழை விட்டோமென்று யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். போய்க் கேட்கலாம், ரோசம் விட்டால்தானே!

அப்போதுதான் பிரதேச சபை உத்தியோகத்தர் மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கி, அளவுநாடாவை இழுத்தார்.

“அனுமதியும் எடுக்கேல்லை, எல்லையில இருந்து இடமும் விடேல்லை. தள்ளிக் கட்டுங்கோ. இல்லாட்டி உடைக்கவேண்டி வரும்.”

“ஆர் ஐயா வந்து சொன்னது?” என்றான் அன்ரனிதாஸ்.

அவர் மோட்டார்சைக்கிளில் ஏறினார். கண் மட்டும் வேலிக்கு அந்தப் பக்கம் போய் வந்தது.

அந்தோனியம்மாவுக்கு நெஞ்சு எரிந்தது. சேலையை மாற்றிக்கொண்டு ஒழுங்கையால் சுற்றிப் போய்ச் சின்னத்தங்கத்தின் படலையைத் தட்டினாள். சின்னத்தங்கம் விறாந்தையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள்.

“வாங்கோ, இருங்கோ.”

எந்நாளும் குசினியில் அடுப்படி நிலத்தில் குந்தியிருந்து கதைத்தவளுக்குக் கதிரை! அந்தோனியம்மா நின்றபடியே கேட்டாள்.

“அக்கா, நீங்களோ சபைக்குச் சொன்னது?”

“ஓம், நான்தான். வீட்டுச் சோலைவரி விசயமா வந்த சபைப் பெடியனிட்டச் சொன்னனான்.”

“என்னட்டச் சொல்லியிருக்கலாமே!”

“எதால வந்து சொல்ல?”

“படலையால...”

“படலையால வாறது விருந்தாக்கள். வீட்டுச் சட்டையோட, அகப்பையும் கையுமா வந்துபோன என்னைச் சீலை மாத்திக்கொண்டு வாவெண்டு வைச்சிட்டீர். பொட்டை அடைச்சா வராதையெண்டுதானே அர்த்தம்?”

அந்தோனியம்மா தன்னைக் குனிந்து பார்த்தாள். கோயிலுக்குக் கட்டுகிற சேலை. பக்கத்து வீட்டுக்கு வர, கோயில் சேலை! வெட்கம் பிடுங்கித் தின்றது. கதிரையை ஒதுக்கிவிட்டு நேரே குசினிக்குள் போய் நிலத்தில் இருந்தாள்.

“சத்தியமா நாங்கள் அதை நினைக்கேல்லை அக்கா. நீங்கள் வராம எனக்கு ஒரு தேத்தண்ணியும் இறங்கேல்லை.”

சின்னத்தங்கம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

அன்ரனிதாஸ் புறுபுறுத்துக்கொண்டே தகரத்தைக் கழற்றி, அனுமதியும் எடுத்து, கொட்டிலைத் தள்ளிக் கட்டினான். திரும்பப் பார்க்க வந்த உத்தியோகத்தர் அளந்து முடித்து நாடாவைச் சுருட்டினார்.

“இப்ப எல்லாம் சரி. வேலியிலதான் ஒரு ஓட்டை கிடக்கு. அடைச்சுவிடுங்கோ.”

அந்த நேரம் பார்த்து அந்த ஓட்டைக்குள்ளால் முதலில் ஒரு சட்டி வந்தது. பின்னால் வீட்டுச் சட்டையோடு சின்னத்தங்கம் வந்தாள். உத்தியோகத்தரை மேலும் கீழும் பார்த்தாள்.

“அந்தோனியம்மா, தம்பிக்கு ஒரு கதிரை போடும்” என்றாள். “அவர் படலையால வந்தவர்.”