இருபத்தைந்தாயிரம் அடியில் ஒரு குறுக்கு விசாரணை

பெட்டிக்காரர் சொந்தமாக விமானம் வாங்கியபோது சொந்தபந்தமெல்லாம் வாயைப் பிளந்தது. அவர் மனைவி மட்டும் "எதுக்கு?" என்று கேட்டார்.

அட்டைப்பெட்டி கம்பெனி நடத்துவதால் நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் பெட்டிக்காரர். மனைவி வழக்கறிஞர். அக்கம்பக்கத்தார் முதல் கோர்ட் வாசலில் டீ விற்பவர் வரை எல்லோருக்கும் அவர் வக்கீலம்மா. கேள்வி கேட்டே சம்பாதிக்கிறவர், வீட்டுக்கு வந்ததும் வாயைக் கழற்றி வைத்துவிடவா முடியும்? "எதுக்கு" என்ற சொல் மட்டும் இல்லாவிட்டால் அந்த வீட்டில் பாதி நேரம் நிசப்தமாகத்தான் இருக்கும்.

"பிசினஸுக்கு வசதி. டயம் மிச்சம்" என்றார் பெட்டிக்காரர்.

"மிச்சமான டயத்துல என்ன பண்றீங்க? ஹேங்கருக்குப் போய் அதைத் துடைச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

பெட்டிக்காரர் துணியை எடுத்துக்கொண்டு விமானம் நிற்கும் அந்த ஹேங்கருக்கே கிளம்பினார்.

விமானம் சின்னது. ஆறு பேர் உட்காரலாம். ஒரே எஞ்சின். ஜெட்டில் இருப்பதைப் போன்ற டர்பைன்தான், ஆனால் அது மூக்கிலிருக்கும் விசிறியைச் சுற்றுகிறது, டர்போப்ராப் என்கிறார்கள். எஞ்சினிலிருந்தே காற்றை எடுத்து உள்ளே அடைத்துக்கொள்கிறது. அதனால் வெளியே மூச்சுவிட முடியாத உயரத்தில் பறந்தாலும் உள்ளே ஏதோ ஒரு மலைமேல் உட்கார்ந்திருப்பதைப் போலத்தான் இருக்கும். இதையெல்லாம் வக்கீலம்மா குடைந்து குடைந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிடிக்காத விமானம்தான். பிடிக்காததைப் பற்றிக்கூடத் தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியாது.

விற்றுவிடுங்கள் என்று மாதம் ஒருமுறையாவது சொல்வார். சொன்னால் பெட்டிக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசமாட்டார். பறக்கும்போது கேள்வி கேட்டாலோ இன்னும் மோசம். "வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா?" என்று எரிந்து விழுவார். அதனால் வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, கேள்விகளை மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு, இறங்கியபின் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது வக்கீலம்மாவின் வழக்கம்.

அன்றைக்கு மகளைப் பார்க்கக் கிளம்பினார்கள். அவளுக்குப் பிரசவ மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. காரில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும். விமானத்தில் இரண்டு மணி நேரம். வானம் துடைத்து விட்டதைப் போலிருந்தது. இருபத்தைந்தாயிரம் அடிக்கு ஏறி, ஓட்டுவதை ஆட்டோபைலட்டிடம் ஒப்படைத்துவிட்டுப் பெட்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டார்.

அப்போது டிங் என்று ஒரு சத்தம். எதிரே சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது.

உள்ளே அடைத்திருக்கும் காற்று குறைந்தால் எரிய வேண்டிய விளக்கு அது. போன மாதம் இரண்டு தடவை காரணமே இல்லாமல் எரிந்தது. உள்ளே இருக்கும் காற்று எத்தனை ஆயிரம் அடி மலைமேல் இருப்பதற்குச் சமம் என்று காட்டும் முள் சரியாக இருந்தது, விளக்குதான் பொய் சொன்னது. ஏதோ ஒயர் தகராறு, இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள், பார்த்துத் தருகிறேன் என்றார் மெக்கானிக். இரண்டு நாள் விட்டுப் பிரிய பெட்டிக்காரருக்கு மனசு வரவில்லை.

விமானக் கம்பெனிகளில் ஓட்டுகிறவர்கள் தினம் ஒரு விமானத்தில் ஏறுவார்கள், எதையும் நம்பமாட்டார்கள். ஒரே விமானத்தைச் சொந்தமாக வைத்துக்கொண்டு தானே ஓட்டுகிறவருக்கு அது வீட்டு மனுஷர்களைப் போல ஆகிவிடுகிறது. அதன் முனகலெல்லாம் பழகிவிடுகிறது. "நம்ம வண்டி குணம் நமக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே பெட்டிக்காரர் பொத்தானை அழுத்திச் சத்தத்தை அணைத்தார். முள்ளைப் பார்க்கவில்லை. வாழ்க்கையில் அவர் செய்த ஆகப்பெரிய முட்டாள்தனம் அது.

கொஞ்ச நேரம் போனது. வக்கீலம்மா மடியில் ஒரு சிப்ஸ் பாக்கெட் இருந்தது. மேலே ஏறினால் அது கொஞ்சம் உப்பும், அது வழக்கம்தான். இன்றைக்கோ பந்தைப் போல விறைத்து நின்றது. விரலால் தட்டிப் பார்த்தார். விரல் நுனி மரத்துப்போனதைப் போலிருந்தது. ஆனால் ஏனோ மனசு லேசாக இருந்தது, சிரிப்பு சிரிப்பாக வந்தது. திட்டு விழுந்தால் விழட்டும் என்று கேட்டேவிட்டார்.

"என்னங்க, இது ஏன் இப்படி உப்பியிருக்கு?"

பெட்டிக்காரர் பாக்கெட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "உங்க அண்ணன் மாதிரியே இருக்குல்ல?"

வக்கீலம்மாவும் சிரித்தார். திட்டு விழவில்லை! அடுக்கி வைத்திருந்த கேள்விகளெல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்தன. ஒவ்வொன்றுக்கும் பெட்டிக்காரர் இதமாக, இழுத்து இழுத்துப் பதில் சொன்னார். கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பேசியதில்லை.

"சரி, உண்மையச் சொல்லுங்க. எதுக்கு இதை வாங்கினீங்க?"

"எதுக்கா?" அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. "வீட்டுல நீ என் பக்கத்துல ரெண்டு மணி நேரம் சேர்ந்தாப்ல உட்கார்ந்திருக்கியா? போன் வரும், கட்சிக்காரன் வருவான், நீ எழுந்து போயிடுவ. நீ எழுந்து போக முடியாத ஒரு ரூம் வேணும்னு இருந்துச்சு. அதான் வாங்கினேன்."

வக்கீலம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்ததில்லை. கேட்கச் சுகமாக இருந்தது. அந்தச் சுகத்திலேயே கண்ணை மூடிக்கொள்ளலாம் போலவும் இருந்தது.

ஹெட்போனில் தரைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒருவர் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவை குரல் கறாராக இருந்தது.

"ஆகட்டும் தம்பி, எல்லாம் ஆகட்டும்" என்றார் பெட்டிக்காரர். கை நகரவில்லை. விமானம் நேராகவே போய்க்கொண்டிருந்தது.

அங்கேதான் வக்கீலம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. கூண்டில் நிற்கிற சாட்சி முரண்டு பிடித்தால் கவலையில்லை. கேட்டதற்கெல்லாம் தலையாட்டினால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். தலைக்குள் பஞ்சு அடைத்ததைப் போல இருந்தாலும் அந்தத் தொழில்புத்தி மட்டும் இன்னும் முழித்துக்கொண்டிருந்தது. பலகையில் அந்தச் சின்ன முள்ளைத் தேடிப் பிடித்தார்.

"இந்த முள் எட்டுலதானே நிக்கும்? இப்போ பதினேழைத் தாண்டிடுச்சே?"

"வளர்ந்துட்டான்" என்றார் அவர் பாசத்தோடு.

அவர் உதட்டைப் பார்த்தார் வக்கீலம்மா. நீலம் பாரித்திருந்தது. ஒரே ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"விமானத்தை வித்துடலாமா?"

"ஓ, வித்துடலாமே. நாளைக்கே வித்துடலாம்."

இது என் புருஷன் இல்லை என்று அலறியது வக்கீலம்மாவின் மனசு. விளக்கு பொய் சொல்லவில்லை. காற்று போய்க்கொண்டிருக்கிறது. சிகரெட் பிடிக்கிற மனுஷனுக்கு, காற்றுக் குறைவால் வரும் மயக்கம் முதலில் ஏறிவிட்டது. தனக்கும் ஏறிக்கொண்டிருக்கிறது; அதனால்தான் இந்தச் சிரிப்பு.

என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் அவர் ஒப்பிப்பாரே, அது என்ன? வார்த்தைகள் வழுக்கிக்கொண்டு போயின. நல்லவேளையாக, ஒரு தடவை அதையும் "எதுக்கு?" என்று கேட்டிருந்தார். எதுக்கு முதல்ல எனக்கு ஆக்சிஜன் மாஸ்க், அப்புறம் உங்களுக்கு? நீங்கதானே ஓட்டுறீங்க? "நீ மயங்கிட்டா எனக்கு யாரு போட்டுவிடுறது, மக்கு?" மக்கு என்று சொன்ன கோபத்தில் அந்தப் பதில் நெஞ்சில் அப்படியே தங்கியிருந்தது.

இருக்கைக்குப் பக்கத்திலிருந்து மாஸ்க்கை இழுத்தார். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. எப்படியோ முகத்தில் மாட்டிக்கொண்டார். ரப்பர் வாடையோடு காற்று உள்ளே போனது. நாலைந்து மூச்சில் எல்லாம் பளிச்சென்று தெளிந்தது. தெளிந்ததும் பயம் வந்தது.

எட்டி அவருடைய மாஸ்க்கை எடுத்தார். "உனக்குத்தான் அழகா இருக்கு, நீயே போட்டுக்க" என்று குழறினார் அவர். வக்கீலம்மா அவர் தலையை மடக்கிப் பிடித்து மாஸ்க்கை அழுத்தினார். "மூச்ச இழுங்க! இழுங்கன்னு சொல்றேன்ல!"

அவர் இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். கண் எங்கேயோ இருந்தது, மெதுவாகத் திரும்பி வந்தது. முள்ளில் போய் நின்றது.

"ஏய்! இத முன்னாடியே சொல்ல மாட்டியா? மரம் மாதிரி உட்கார்ந்திருக்க!"

எரிந்து விழுந்தார். சாட்சாத் அவரேதான். வக்கீலம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, மாஸ்க்குக்குள்ளேயே அழுதார். பெட்டிக்காரர் எஞ்சினைக் குறைத்து மூக்கைக் கீழே சாய்த்தார். தரையிலிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னார். காது வலிக்க வலிக்க இறங்கினார்கள். பத்தாயிரம் அடிக்கு வந்தபின் மாஸ்க்கைக் கழற்றினார்கள்.

வழியிலிருந்த ஒரு சின்ன விமான நிலையத்தில் இறங்கினார்கள். அங்கிருந்த நர்ஸ் இருவர் விரலிலும் கிளிப்பை மாட்டிப் பார்த்துவிட்டு, ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் போனாள். கதவோரத்து ரப்பர் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருப்பதாகவும், ஒயரையும் மாற்றிக் கொடுக்க மூன்று நாள் ஆகும் என்றும் அங்கிருந்த மெக்கானிக்குகள் சொன்னார்கள். மகள் வீட்டுக்குப் போக ஒரு காருக்குச் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் பெட்டிக்காரர் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"வித்துடலாம்" என்றார். "என் திமிரால உன்னைக் கொல்லப் பார்த்தேன். பேரப்புள்ள மூஞ்சிய நீ பார்க்காமலே போயிருப்ப. எனக்கு வேணாம் இது."

மாதாமாதம் வக்கீலம்மா கேட்ட தீர்ப்பு. இப்போது கைக்கு வந்தபோது வாங்கிக்கொள்ள மனசில்லை.

"மேல நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"அந்தச் சத்தத்த அமத்தினேன். அப்புறம் நீ என் கழுத்தப் புடிச்சிருந்த. நடுவுல ஒண்ணும் இல்ல."

"எதுக்குங்க இதை வாங்கினீங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பிசினஸுக்கு வசதி. டயம் மிச்சம். எத்தனை தடவை சொல்றது?"

புத்தி தெளிவில்லாதவன் சொன்னதைக் கோர்ட் ஏற்காது. ஆனால் முழுத் தெளிவோடு பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்தே வக்கீலம்மாவின் தலை நரைத்திருந்தது.

"விக்க வேணாம்" என்றார். "ரப்பரை மாத்துங்க, ஒயரை மாத்துங்க. சிகரெட்டை விடுங்க. இனிமே விளக்கு எரிஞ்சா முள்ளைப் பார்த்து, எனக்கும் காட்டிட்டுத்தான் சத்தத்தை அமத்தணும். நான் கேள்வி கேட்டா வாய மூடச் சொல்லக் கூடாது. அப்படின்னா, திரும்பிப் போறப்ப இதுலயே போலாம்."

"நீயா பேசுற? என்ன ஆச்சு உனக்கு?" பெட்டிக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அருகில் வந்தார். "மேல நான் எதாவது உளறினேனா?"

"உளறுனீங்க."

"என்ன சொன்னேன்?"

"திரும்பிப் போறப்ப சொல்றேன். மேல போனதும் போனை ஆஃப் பண்ணிட்டு, உங்க பக்கத்துல உட்கார்ந்து ரெண்டு மணி நேரமும் சொல்றேன்."

அவர் முகம் சிவந்ததா, வெறும் வெளிச்சமா என்று தெரியவில்லை. கார் வந்து நின்றது. ஏறும்போது கேட்டார், பெல்ட்டைப் போடும்போது கேட்டார், மகள் வீட்டு வாசலில் இறங்கும்வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். வக்கீலம்மா வாயைத் திறக்கவில்லை.